காய்ச்சலுக்கு எத்தனை நாள்? ‘எரியும் பனிக்காடு’ நாவலை மருந்தின் பக்கமிருந்து வாசித்தல்

‘எரியும் பனிக்காடு’ பற்றித் தமிழில் நிறையவே பேசியாகிவிட்டது. மேஸ்திரி கொடுக்கும் முன்பணம், தீராத கடன், வெள்ளைக்கார துரை, லயன் வீடுகள் என்று எல்லாமே அலசப்பட்டவை. ஆனால் அந்த நாவலை எழுதியவர் ஒரு டாக்டர். அதில் ஆட்களைக் கொல்லும் முக்கியமான கை காய்ச்சலுடையது. அதை ஒரு மலேரியா நாவலாக எடுத்துக்கொண்டு, மருந்து என்ற ஒரே கேள்வியோடு திரும்ப வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

திரும்ப எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2025 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. கனாப்ளாசைடு என்ற புது மூலக்கூறும் லூமிஃபேன்ட்ரின் என்ற பழைய மருந்தும் சேர்ந்த ஒரு கூட்டு மருந்து, ஆப்பிரிக்காவின் 12 நாடுகளில் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையில் இப்போதைய மருந்துக்குச் சளைக்காமல் வேலை செய்திருக்கிறது. நோவார்ட்டிஸ் கம்பெனியும், எம்.எம்.வி. என்ற லாப நோக்கமில்லாத மருந்து ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. நல்ல செய்திதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த மாதிரிச் செய்திகள் சொல்லப்படும் விதத்தில் ஒரு பழைய ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை எங்கே என்பதை நாவல்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

நாவல் எண்ணும் நாட்கள்

பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர். ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் 1969இல் அவர் எழுதியதை, கோவையைச் சேர்ந்த இரா. முருகவேள் 2007இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். கதை நடப்பது டேனியல் மலையேறுவதற்கு முந்தைய காலம், 1920களை ஒட்டியது. திருநெல்வேலிப் பக்கம் மயிலோடை என்ற ஊரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி பேச்சை நம்பி வால்பாறை மலைக்குப் போகிறார்கள். அங்கே குளிர், அட்டை, மழை. அப்புறம் காய்ச்சல்.

இந்த நாவலின் பெரிய பலம் என்று நான் நினைப்பது, காய்ச்சலை அது நாள் கணக்கில் காட்டுவது. காய்ச்சல் வந்தவன் படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாவிட்டால் கடன் கழியாது. கடன் கழியாவிட்டால் ஊருக்குத் திரும்பும் நாள் இன்னும் தள்ளிப்போகும். அதனால் உடம்பு நடுங்கினாலும் ஆள் கொழுந்து பறிக்கப் போகிறான், போகிறாள். தோட்டத்தில் நோய்க்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. டேனியல் இதைப் பிரசங்கம் பண்ணவில்லை. சம்பவம் சம்பவமாக அடுக்கிக்கொண்டே போகிறார். வாசித்து முடிக்கும்போது நமக்குக் கொசுவைவிடக் கணக்குப்பிள்ளை மேல்தான் பயம் வருகிறது.

அந்தக் காலத்தில் இருந்த மருந்து குயினைன். வேடிக்கை என்னவென்றால், குயினைன் எங்கோ கப்பலில் வரவேண்டிய பொருளாக மட்டும் இருக்கவில்லை. 1860களிலேயே நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், அரசாங்கம் சின்கோனா மரங்களை நட்டுவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து விதையும் கன்றும் கொண்டுவர ஏற்பாடு செய்தவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். அதை ஊட்டியில் வளர்த்துக் காட்டியவர் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்ஐவர். பிறகு நடுவட்டத்தில் அரசு குயினைன் ஆலையே இருந்தது. ஆனைமலையிலும் சின்கோனாத் தோட்டம் போட்டார்கள். வால்பாறைக்குப் பக்கத்தில் ‘சின்கோனா’ என்ற பெயரிலேயே இன்றைக்கும் ஒரு ஊர் இருக்கிறது. மரம் போய் தேயிலை வந்துவிட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1866இல் மெட்ராஸ் அரசு ஒரு குழு போட்டு, சின்கோனாப் பட்டையில் உள்ள நான்கு சத்துகளை (குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின்) தனித்தனியாகக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. இரண்டு வருஷத்தில் சுமார் 3600 பேர். நான்குமே ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று முடிவு வந்தது. மருந்துப் பரிசோதனை வரலாற்றில் இது அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய முயற்சி. அதாவது மரம் நம் மலையில், ஆலை நம் மலையில், பரிசோதனை நம் மாகாணத்தில். அப்படியிருந்தும் லயன் வீட்டில் ஆட்கள் செத்தார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வங்காளத்தில் 1892 முதல் தபால் ஆபீஸ்களில் காலணாவுக்கு ஒரு குயினைன் பொட்டலம் விற்றார்கள். ஆரம்பத்தில் ஒரு பொட்டலத்தில் 5 கிரெய்ன், கிராமில் சொன்னால் 0.3 சொச்சம். இன்றைய அளவில் பெரியவர் ஒருவருக்கு குயினைன் முழுச் சிகிச்சை என்பது 600 மில்லிகிராம், தினம் 3 வேளை, 7 நாள். மொத்தம் 12.6 கிராம். பொட்டலத்தில் சொன்னால் ஏறக்குறைய 40. காசில் 10 அணா. ஒரு பொட்டலம் வாங்கியவர்களில் எத்தனை பேர் 40 பொட்டலம் வாங்கியிருப்பார்கள்? காது இரைச்சலும் கசப்பும் வேறு. மருந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது, முழுச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

நாவல் சறுக்கும் இடம்

இவ்வளவு நன்றாக நாள் எண்ணத் தெரிந்த நாவல், பின்பகுதியில் அந்தக் கணக்கைக் கைவிட்டுவிடுகிறது என்பது என் குறை. டாக்டர் ஆபிரகாம் வந்ததும் கதையின் எடை அவர் பக்கம் சாய்கிறது. அவர் நல்லவர், படித்தவர், துரையிடம் எதிர்த்துப் பேசுகிறார். ஆஸ்பத்திரி ஒழுங்காகிறது. வாசிக்கும் நமக்கும் ‘அப்பாடா’ என்று இருக்கிறது. ஆனால் படுக்கையில் கிடக்கும் ஆளின் கூலியற்ற நாட்களுக்கு என்ன பதில் என்ற கேள்வி மங்கிப்போகிறது. முன்பகுதி ‘இந்த ஏற்பாடே நோய்’ என்கிறது. பின்பகுதி ‘நல்ல டாக்டர் வந்தால் சரியாகும்’ என்று நம்ப ஆசைப்படுகிறது.

இதை டேனியலின் அறியாமை என்று சொல்ல முடியாது. அவரே தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டுவதில் நின்றவர். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, மருத்துவ வசதியும் நோய்க்கால உதவித்தொகையும் சட்டத்தில் ஏறிய பிறகுதான் நாவல் வெளிவருகிறது. உதவித்தொகை இருந்தால் காய்ச்சல்காரர் படுக்கலாம், படுத்தால் மருந்தை முடிக்கலாம். இந்தத் தொடர்பு நாவலுக்குள் வந்திருந்தால் இது இன்னும் பெரிய புத்தகம் ஆகியிருக்கும்.

பாலாவின் ‘பரதேசி’ (2013) இந்தக் கதையிலிருந்து உருவான படம். அங்கே டாக்டர் மதம் மாற்ற வந்தவராக, ஆடிப்பாடும் ஆளாக மாறிவிட்டதைப் பலரும் அப்போதே கண்டித்தார்கள். என் குறை அதைவிடச் சாதாரணமானது. படத்தில் நோய் ஒரு கொள்ளை போல வந்து அள்ளிக்கொண்டு போகிறது. நாவலில் அது தினக்கூலி மாதிரி ஒவ்வொரு நாளும் கழிகிறது. பின்னதுதான் மலேரியாவின் உண்மையான முகம்.

கிருமியின் கணக்கு

இப்போது மருந்துக்கு எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இது தெரிந்தால்தான் நாள் கணக்கு ஏன் உயிர்க் கணக்கு என்பது விளங்கும்.

கடுமையாக மலேரியா பிடித்த ஒருவர் உடம்பில் கிருமிகள் ஒரு லட்சம் கோடி வரை இருக்கலாம். ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் 2 நாளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், ஒவ்வொரு சுற்றிலும் கிருமியைச் சுமார் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்கின்றன. ஆக, முதல் சுற்று முடிந்தால் 10 கோடி மிச்சம். இரண்டாம் சுற்றில் 10 ஆயிரம் மிச்சம். அந்த 10 ஆயிரத்தைத் துடைப்பது, கூடவே கொடுக்கப்படும் துணை மருந்து. ஆர்ட்டிமிசினின் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும், துணை மருந்தோ பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் நிற்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து 3 நாள் கொடுக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளிலேயே இறங்கிவிடும். ‘சரியாப் போச்சுங்க’ என்று மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டால், உடம்பில் இன்னும் கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது. அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கத் தெரிந்தவை அவற்றில் சில இருந்தால், அடுத்த கொசு தூக்கிக்கொண்டு போவது அவற்றைத்தான்.

சில நாடுகளில் தனி மனிதர்களின் கவனக்குறைவைத் தாண்டி, திட்டமே அரைகுறையாக இருந்தது. குளோரோகுயினை 1934இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கினார். உலகப் போருக்குப் பிறகு அது மலிவான அற்புத மருந்தாகப் பரவியது. 1950களில் பிரேசிலில் சமையல் உப்பிலேயே அதைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். யார் எவ்வளவு உப்புச் சேர்க்கிறார்களோ அவ்வளவு மருந்து. கிருமிக்குப் பயிற்சி கொடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. 1950களின் கடைசியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் எதிர்ப்பு தலைகாட்டியது. இந்தியாவில் முதலில் பதிவானது 1973இல், அஸ்ஸாமில்.

அதன் பிறகு நாடு முழுக்க ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை வந்தது 2010இல். நடுவில் 37 வருஷம். இதற்கிடையே 1976இல் மட்டும் நாட்டில் 64 லட்சத்துக்கு மேல் நோயாளிகள். 1960களின் தொடக்கத்தில் லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்த எண் அது! (கொசு மருந்துக்கு எதிர்ப்பு, நிர்வாகத் தளர்ச்சி, பணத் தட்டுப்பாடு என்று அதற்குப் பல காரணம். மருந்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.)

செய்தித்தாளின் கதாநாயகன்

நாவல் டாக்டரைக் கதாநாயகன் ஆக்கியது போல, செய்தித்தாள் மூலக்கூறைக் கதாநாயகன் ஆக்குகிறது. நல்ல உதாரணம் சின்ரியம்.

2012 ஏப்ரல் 25, உலக மலேரியா தினத்தன்று ரான்பாக்ஸி கம்பெனி சின்ரியத்தை வெளியிட்டது. ஆர்ட்டிரோலேன், பிப்பெராகுயின் என்ற இரண்டின் கூட்டு. ‘இந்தியாவின் முதல் சொந்தப் புது மருந்து’ என்று எங்கும் கொண்டாட்டம். இந்தப் பெருமிதத்தில் இரண்டு விஷயம் காணாமல் போனது.

ஒன்று, ஆர்ட்டிரோலேன் மூலக்கூறு பிறந்தது அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் வென்னர்ஸ்ட்ரம் தலைமையில் நடந்த ஒரு பன்னாட்டுக் கூட்டு முயற்சியில். அதற்குத் துணை நின்ற எம்.எம்.வி., நோயாளிகளின் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆரோக்கியமானவர்களுக்கு இருந்ததைவிடக் குறைவாக இருந்ததைப் பார்த்து 2007இல் விலகிக்கொண்டது. ரான்பாக்ஸி விடாமல் தனியாகத் தொடர்ந்தது. அதற்குத் துணிச்சல் வேண்டும், அதைப் பாராட்டலாம். ஆனால் முழுக் கதையைச் சொல்லிவிட்டுப் பாராட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். சின்ரியத்தின் நிஜமான சாதனை ‘சொந்த’ என்ற சொல்லில் இல்லை. ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபேன்ட்ரின் கூட்டு மருந்தில் பெரியவர்களுக்கு 3 நாளில் 6 வேளை, 24 மாத்திரை. அதையும் பால் மாதிரிக் கொழுப்புள்ள ஏதாவது சாப்பிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் லூமிஃபேன்ட்ரின் உடம்பில் சரியாகச் சேராது. சின்ரியம் தினம் ஒன்று, மொத்தம் 3 மாத்திரை. பசித்த வயிற்றோடு வேலைக்குப் போகும் ஆளுக்கு 24க்கும் 3க்கும் நடுவில் இருப்பது ஒரு உலகம். இதைத் தலைப்பில் போட்டிருந்தால் அது நல்ல பத்திரிகை எழுத்து. கருப்பனுக்கும் புரிந்திருக்கும்.

எந்த மருந்து நாட்டுக்குப் பயன்படும் என்பதைக் கண்டுபிடிப்பாளரின் தேசம் தீர்மானிப்பதில்லை. தேசியத் திட்டத்தின் வழக்கமான தேர்வாக இருந்தது ஆர்ட்டிசுனேட்டும் சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமினும் சேர்ந்த கூட்டு. வடகிழக்கு மாநிலங்களில் அதன் துணை மருந்து தோற்க ஆரம்பித்ததால் 2013இல் அங்கே மட்டும் ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபேன்ட்ரினுக்கு மாற்றினார்கள். அதாவது தோற்றது கதாநாயகன் இல்லை, கூட வந்த துணைப் பாத்திரம். அதற்கு முன்பே, ஆர்ட்டிசுனேட்டைத் தனியாக மாத்திரையாக விற்பதை நிறுத்த வேண்டியிருந்தது. தனியாகக் கொடுத்தால் 7 நாள் போட வேண்டும், காய்ச்சலோ இரண்டாம் நாளே இறங்கிவிடும். யார் 7 நாள் போடுவார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2006இல் கேட்டுக்கொண்டது, இந்தியா 2009இல் தடையைக் கொண்டுவந்தது.

இப்போது ஆர்ட்டிமிசினினுக்கே ஆட்டம் கண்டிருக்கிறது. மேற்குக் கம்போடியாவில் 2000களின் பிற்பகுதியில் தெரிந்தது. அதற்குக் காரணமான கெல்ச்13 என்ற மரபணு மாற்றங்கள் பிறகு ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா, தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலேயே தனியாக முளைத்திருக்கின்றன. மேலே சொன்ன கணக்கில், சுற்றுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது சுமார் நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று முடிந்தும் 10 கோடி மிச்சம். 10 ஆயிரத்தைத் துடைக்க வந்த துணை மருந்தின் தலையில் 10 கோடி. அதுவும் சீக்கிரம் தோற்கும். கனாப்ளாசைடு போல வேறு வழியில் கிருமியைத் தாக்கும் புது மருந்து அவசரமாகத் தேவைப்படுவது இதனால்தான். அது தினம் ஒரு வேளை, 3 நாள் என்பதும் நல்ல சேதி. ஆனால் அதோடு போவதும் அதே லூமிஃபேன்ட்ரின்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே யாருக்கு இந்தக் கணக்கு?

தொண்டாமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு உகாண்டாவைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். நாவலில் நம்மவர்கள் பிழைப்புக்காகக் காய்ச்சல் மலைக்கு ஏறினார்கள். இன்றைக்குக் காய்ச்சல் அதிகமுள்ள ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கங்களிலிருந்து ஆட்கள் பிழைப்புக்காகக் கொங்கு நாட்டுக்கு இறங்கி வருகிறார்கள். மில், பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, தோப்பு என்று எல்லா இடத்திலும் அவர்கள்தான். திசை மாறியிருக்கிறது, தினக்கூலி மாறவில்லை.

இவர்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ‘இவனுகதான் கொண்டாரானுக’ என்று சொல்லும் வாயும் நம் ஊரில் உண்டு. நாவலை வாசித்தவர்கள் அப்படிச் சொல்லக் கூச வேண்டும். கிருமி ஆளைப் பார்த்து வருவதில்லை, ஆள் தங்கும் இடத்தைப் பார்த்து வருகிறது. மேலும், உடனே ரத்தப் பரிசோதனையும் முழு மருந்தும் கிடைத்த ஒருவரால் யாருக்கும் ஆபத்தில்லை. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. வெளியிலிருந்து வரும் நோயாளிகளை விரட்டியா அதைக் காப்பாற்றுகிறார்கள்? தேடிக் கண்டுபிடித்து மருந்து கொடுத்துத்தான்.

தமிழ்நாட்டில் அதிகம் பார்ப்பது விவாக்ஸ் மலேரியா. அதற்குக் குளோரோகுயின் இன்னும் வேலை செய்கிறது, 3 நாள். ஆனால் விவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்துகொண்டு மாதங்கள் கழித்து எழும். அதைக் கொல்ல பிரைமாகுயின், நம் நாட்டில் நீண்டகாலமாக 14 நாள் முறை. காய்ச்சல் மூன்றாம் நாளே போன பிறகு, இன்னும் 11 நாள், உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒப்பந்தக்காரர் வேறு ஊருக்கு ஏற்றிவிடும் ஒரு ஆள் இதை முடிக்க வேண்டும். 2019இல் வெளியான ஒரு பன்னாட்டுப் பரிசோதனை, மொத்த அளவைக் குறைக்காமல் 7 நாளில் கொடுத்தாலும் பலன் அதேதான் என்று காட்டியது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாஃபெனோகுயின் ஒரே வேளை. ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த இரண்டுமே ரத்த அணுக்களை உடைக்கும். ஒரே வேளையில் உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் டாஃபெனோகுயினுக்கு முன் அந்த நொதியை அளந்து பார்த்தே தீரவேண்டும். 14 நாளை 1 நாளாக்கும் மருந்து வந்தாயிற்று. அதைக் கொடுக்கச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனைக் கருவி வேண்டும். பத்திரிகை எழுத வேண்டிய அடுத்த வரி இதுதான், அந்த வரி வருவதே இல்லை.

ஆகவே இனிமேல் புது மலேரியா மருந்து பற்றி எதை வாசித்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எத்தனை நாள் போட வேண்டும்? கூட வரும் துணை மருந்து எது, அது எங்காவது ஏற்கெனவே தோற்றிருக்கிறதா? அந்த நாட்களில் நோயாளிக்குக் கூலி யார் கொடுப்பார்கள்? முதல் இரண்டுக்கு விஞ்ஞானிகள் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நன்றாகவே தேடுகிறார்கள். மூன்றாவது கேள்வியை எந்த ஆய்வகமும் எடுத்துக்கொள்ளாது. அதைத் தமிழில் முதலில் விரிவாகக் கேட்ட புத்தகங்களில் ஒன்று ‘எரியும் பனிக்காடு’. பாதியில் விட்டுவிட்டாலும், கேட்டது கேட்டதுதான்.

இன்னும் வாசிக்காதவர்கள் வாசித்துவிடுங்கள். வாசிக்கும்போது பக்க ஓரத்தில் வேலைக்குப் போகாத நாட்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் அதுதான் நோயின் உண்மையான விலை.